அத்தையின் புளியங்கிளை

எங்கள் குடும்பத்தில் யாரிடமும் எந்தப் பொருளும் முழுதாக இருந்ததில்லை. எங்கள் வீட்டில் பெரிய பித்தளை அண்டா ஒன்று இருக்கிறது. அதன் மூடி பெரியப்பா வீட்டில் இருக்கிறது. பெரியப்பா வீட்டில் உரல். உலக்கை எங்கள் வீட்டில். விசேஷம் என்று வந்தால் அண்டாவும் மூடியும் சந்தித்துக்கொள்ளும். மற்ற நாட்களில் நாங்கள் அண்டாவைத் தகரத்தால் மூடி வைக்கிறோம். பெரியப்பா வீட்டில் அந்த மூடியில் கருவாடு காய வைக்கிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் என் தாத்தாவின் தாத்தாவைப் பெற்றவர். அவர் வாழ்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி என்பது என் கணக்கு. பெரியப்பாவின் கணக்கில் அது 'அந்தக் காலம்', அவ்வளவுதான். மாரியம்மன் கோவில் கட்டியது, ஊருக்குக் கரண்டு வந்தது, அவருக்குக் கல்யாணம் ஆனது எல்லாமே பெரியப்பாவுக்கு ஒரே அந்தக் காலம்.

அந்தக் கிழவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்கள் இருவரும் ஒரு கோழி விஷயமாகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். தான் கண்ணை மூடியதும் இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே செத்துப்போவார்கள் என்று கிழவருக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் சொத்தைப் பிரிக்கும்போது யாருக்கும் எதையும் முழுதாகக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். காளை பெரியவனுக்கு, அதன் கழுத்து மணி சின்னவனுக்கு. மாட்டுப் பொங்கல் அன்று காளையைத் தம்பி வீட்டுக்கு ஓட்டிப்போய் மணி கட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு வருடம் தம்பி மணியைத் தர முடியாது என்று சொல்லிவிட்டானாம். ரோஷம் வந்த அண்ணன், பூசாரியிடம் கைமணி இரவல் வாங்கி, காளைக்குப் பக்கத்தில் தானே அதை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறான். சாமி வருகிறது என்று நினைத்து ஊரே தேங்காய்த் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டது. காளைக்கு அன்று கற்பூரம் காட்டினார்கள் என்பது வரைக்கும் பெரியப்பா சொல்வார். அதை மட்டும் நான் நம்புவதில்லை.

நிலத்தையும் அப்படித்தான் நடுவில் வரப்பு போட்டுப் பிரித்தார். வரப்பின்மேல் ஒரு புளியமரம் நின்றது, இன்றும் நிற்கிறது. அதை அறுத்துக் கொடுத்தால் ஒருவருக்கும் பயனில்லை. அதனால் கிழவர் தன் கயிற்றுக் கட்டிலை மரத்தடிக்குத் தூக்கி வரச் சொல்லி, மல்லாந்து படுத்துக்கொண்டு, கைத்தடியால் கிளை கிளையாகக் காட்டிப் பிரித்தார். தெற்குக் கிளைகள் பெரியவனுக்கு. மேற்குக் கிளைகள் சின்னவனுக்கு. வடக்குப் பக்கம் நீண்டிருந்த ஒற்றைப் பெரிய கிளை மகளுக்கு. பெண்ணுக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் அன்று இல்லை. கிளை கொடுக்கக் கூடாது என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

சின்னவன் வழியில் வாரிசு இல்லாமல் போனதால், தெற்குக் கிளைகள் இப்போது பெரியப்பாவுக்கும் மேற்குக் கிளைகள் அப்பாவுக்கும் வந்திருக்கின்றன. வடக்குக் கிளை மட்டும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிறந்த பெண்களுக்குத்தான். அத்தையிடமிருந்து உடன்பிறந்தான் மகளுக்கு, அவளிடமிருந்து அவள் உடன்பிறந்தான் மகளுக்கு என்று அது இறங்கி வந்திருக்கிறது. இப்போது என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அக்காவான அத்தையிடம் இருக்கிறது. அத்தைக்குப் பிறகு எனக்கு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பெரியப்பா ஒரே ஒரு நாள் போனார். வாத்தியார் கையை நீட்டச் சொன்னதும் சுவரேறிக் குதித்து ஓடிவந்ததை இன்றைக்கும் ஏதோ போரில் ஜெயித்ததுபோலச் சொல்வார். அப்பா மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போய்வந்தார். நான் பன்னிரண்டு வகுப்பையும் முடித்து, பி.ஏ. முடித்து, இப்போது தருமபுரியில் சட்டம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். எனக்குப் பெருமை உண்டு; அதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. ரீசார்ஜ் முடியப் போகிறது என்று செல்போனில் செய்தி வந்தால்கூட எங்கள் தெருவில் அதை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். நானும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு முறை படித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வேன்.

அத்தையைக் காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது நல்லம்பள்ளிக்கு இந்தப் பக்கம். பொங்கலுக்கு வரும்போது அத்தை விருந்தாளி. நாற்காலியில் உட்காருவார். சாம்பார் நன்றாக இருக்கிறது என்பார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, கொடுத்த புடவையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அதே அத்தை மாசி கடைசியில் புளி உலுக்க வரும்போது வேறு ஆள். அப்போது அவர் சொத்துக்காரி. வந்ததும் அடுப்படிக்குள் போய் எல்லா டப்பாவையும் திறந்து மோந்து பார்ப்பார். கட்டிலைத் திசை மாற்றிப் போடுவார். அதே சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுல பருப்பு போட்டியா, இல்ல பருப்பு கழுவுன தண்ணியா?" என்று அம்மாவிடம் கேட்பார். ஐம்பது வயது தாண்டிய பெரியப்பாவை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை என்று வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டுவார். புளியை உலுக்கி, காய வைத்து, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து முடிக்கும்வரை எங்கள் இரண்டு வீட்டையும் ஆள்வது அத்தைதான். வருடம் முழுவதும் அத்தை எதற்காகக் காத்திருக்கிறார் என்றால் புளிக்காக அல்ல, இதற்காகத்தான். காரிமங்கலம் சந்தையில் கிடைக்காத புளியா?

போன சித்திரையில் ஒரு சாயங்காலம் மழையில்லாமல் காற்று மட்டும் அடித்தது. எங்கள் மாட்டுக்கொட்டகைத் தகரம் பறந்துபோய் அடுத்த காட்டில் விழுந்தது. காற்று நின்றபின் அப்பாவும் பெரியப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். தெற்குக் கிளைகளில் ஒரு இலைகூடக் கலையவில்லை. மேற்கிலும் சேதம் இல்லை. வடக்குக் கிளை மட்டும் அடியோடு பிளந்து தரையில் கிடந்தது.

"அக்கா கிளை" என்றார் அப்பா.

"ஆமா, பாவம்" என்றார் பெரியப்பா. அவர் முகத்தில் துக்கத்தைக் கொண்டுவர அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, "அப்ப இனிமே அக்கா புளிக்கு வர வேலையில்ல" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள்.

அத்தைக்கு யாரும் சொல்ல வேண்டாம், பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டார்கள். பெரியப்பா அதோடு நிற்கவில்லை. நல்லம்பள்ளியில் கறிக்கடை வைத்திருப்பவரிடம், விழுந்த கிளையை முழுதாக எடுத்துக்கொள்ளச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டார். கறி வெட்டப் புளியங்கட்டை போல எதுவும் கிடையாது. கத்தி எத்தனை முறை விழுந்தாலும் சிராய் வராது. அவரும் சந்தோஷமாக, மறுநாளே டிராக்டரோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அத்தைக்குச் செய்தியைச் சொன்னது அம்மா. ஏன் சொன்னாய் என்று பிறகு அப்பா கேட்டபோது அம்மா அலட்டிக்கொள்ளாமல், "அவங்க வந்தாத்தான் எனக்கு அடுப்படியிலிருந்து லீவு கெடைக்குது" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தை இறங்கினார். வீட்டுக்கு வரவில்லை, குடையை விரித்துக்கொண்டு நேராக மரத்துக்குப் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எழவு வீட்டுக்கு வந்ததுபோலக் கிளையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்ததும் துக்கம் தீர்ந்துவிட்டது. பிளந்த இடத்தில் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"ரம்பம் வெச்ச மாதிரி இருக்குது?"

"அய்யோ அக்கா! காத்துக்கா!" என்றார் அப்பா.

"காத்து ஏன்டா ஒங்க கிளைங்க பக்கம் போவல?"

"அத காத்த கேளுக்கா" என்றார் பெரியப்பா. சொன்னதும் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

பிறகு பேச்சு கிழவரிடம் போனது. எங்கள் வீட்டில் எந்தத் தகராறும் கடைசியில் அங்கேதான் போகும். கிழவர் சொன்னது எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை, வாய்வழியாக வந்ததுதான். அதனால் ஆளுக்கொரு கிழவர் இருக்கிறார். பெரியப்பா துண்டை விரித்து மண்ணில் மல்லாந்து படுத்து, ஒரு சுள்ளியை எடுத்து வானத்தில் காட்டி, நடுங்குகிற குரலில் நடித்தார்: "இந்தக் கிளை எம் மவளுக்கு. அது காய்க்கிற வரைக்கும் அவ வரட்டும், உலுக்கட்டும், எடுத்துக்கினு போவட்டும்." எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "காய்க்கிற வரைக்கும்னு சொல்லியிருக்காரு. இனிமே இது எங்க காய்க்கும்? கட்டை எங்களுதுதான்" என்றார்.

"தூ, எந்திரி" என்றார் அத்தை, ஏற்கெனவே எழுந்துவிட்டவரிடம். குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, வரப்பில் சாய்ந்து, கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தன் கிழவரை நடித்தார். அத்தையின் கிழவர் இருமினார். "இந்தக் கிளை..." ஒரு இருமல். "எம் மவளுக்கு." இன்னொரு நீளமான இருமல். அதோடு தலை சாய்ந்தது. "அவ்ளோதான். அதுக்கு மேல அவரு பேசவே இல்ல. உசுரு போயிடுச்சி."

"உசுரு அன்னிக்கா போச்சி? அதுக்கப்புறம் ரெண்டு வருசம் இருந்தாரு!"

"இருந்தாரு. பேசல."

"இருமவே இல்லக்கா அவரு! இழுப்பு நோவு நம்மம்மா வழில வந்தது, அவரு வழில இல்ல!"

கிழவர் இருமினாரா இல்லையா என்பதில் வெயில் ஏறிவிட்டது. கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதான் சட்டம் படிக்கிறயே. சட்டம் என்ன சொல்லுது?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து காத்திருந்தேன். குடையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். "கிளைய வுடுங்கப்பா. சட்டப்படி தாத்தா விட்டுட்டுப் போன நிலத்துலயே அத்தைக்குப் பங்கு இருக்குது. ஒங்களுக்கும் பெரியப்பாவுக்கும் எவ்ளோ இருக்குதோ, அதே அளவு."

பெரியப்பா என்னை, பாம்பு பேசினால் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதுக்குத்தான் பஸ் பாஸ் எடுத்து அனுப்புனமா?" என்று அப்பாவிடம் மெல்லக் கேட்டார்.

ஆனால் அதிகம் பயந்துபோனது அத்தைதான். என் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏ புள்ள, ஒன்ன யாரு இதெல்லாம் சொல்லச் சொன்னாங்க?"

"உள்ளதத்தானே அத்த சொன்னேன். வாங்கிக்கோங்க. ஒங்க உரிமை."

"நிலத்த வாங்கிக்கினு போனா, அதோட கணக்கு தீந்துடுச்சின்னு கதவச் சாத்திடுவானுங்கடி. அப்புறம் யாரு வூட்டு அடுப்படில பூந்து டப்பாவ தொறப்பன்? யார நிக்க வெச்சித் திட்டுவன்? பொங்கலுக்கு வந்து நாக்காலில குந்திக்கினு சாம்பார் நல்லா இருக்குதுன்னு பொய் சொல்லிட்டுப் போவணுமா நானு?" அத்தையின் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும். அத மட்டும் சட்டத்துல பாத்துச் சொல்லு" என்றார்.

சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. என் பங்கு நிலத்தை நான் விடப் போவதில்லை. அதை அப்பாவிடம் அன்று இரவே சொல்லியும்விட்டேன். ஆனால் அத்தைக்கான சாக்கை எந்தப் புத்தகத்தில் தேடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் டிராக்டர் சத்தம் கேட்டது.

கறிக்கடைக்காரர் இரண்டு ஆட்களோடும் நீளமான ரம்பத்தோடும் வந்து இறங்கினார். அத்தை அவரைப் பார்த்தார். ரம்பத்தைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா புளியமரத்தின் உச்சியைப் பார்த்தார். அத்தை நடந்துபோய், கிளையின் தடித்த பாகத்தின் நட்டநடுவில் ஏறி, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தவர்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"யக்கா, கொஞ்சம் எந்திரிங்க. அறுக்கணும்" என்றார் கறிக்கடைக்காரர்.

"நீ பாட்டுக்கு அறு. நான் பாட்டுக்குக் குந்தியிருக்கறன்."

"ரம்பம் பட்டுடுங்க்கா."

"பட்டா என்ன? நீ வெட்டாத கறியா?"

"ஆட்டுக்கறிதாங்க்கா நம்ம கடைல" என்றார் அவர், நிஜமாகவே கலங்கிப்போய்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அம்மா ஈயப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் எடுத்து வந்தாள். "அண்ணி, எறங்கிச் சாப்பிடறீங்களா?"

"எறங்க மாட்டன். இங்கயே குடு."

அத்தை கிளைமேல் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். கறிக்கடைக்காரருக்கும் ஆட்களுக்கும் அம்மா சோறு போட்டாள். அவர்கள் டிராக்டர் நிழலில் சாப்பிட்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும் வீட்டுக்குப் போனால் அத்தை ஜெயித்துவிடுவார் என்று பட்டினியாக நின்றார்கள். அத்தை குழம்பை ருசித்துவிட்டு, "உப்பு தூக்கல்" என்றார். அவரிடம் பழைய தெம்பு திரும்பிவிட்டது எனக்கு அப்போதே தெரிந்தது.

கை கழுவியதும் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, ஒனக்கு எவ்ளோ கட்டை வேணும்?"

"ஒண்ணு இருந்தாப் போதுங்க்கா. ஒங்க பெரிய தம்பிதான் முழுசா எடுத்துக்கன்னாரு."

"இந்தக் கவட்டைப் பக்கம் ஒரு கட்டை அறுத்துக்க. அதுக்குப் பதிலா மீதிய ஒன் டிராக்டருல கட்டி இழுத்துக்கினு வந்து எங்கூட்டு வாசல்ல போட்டுடு."

"எங்க போடணும்?" என்றார் அப்பா, திடுக்கிட்டு.

"நம்ம வூட்டு வாசல்ல. நான் பொறந்த வூட்டு வாசல்ல. எஞ்சொத்து. வெயில் மழைல காட்டுல கெடக்குமா?"

"அது கட்டைக்கா! காய்க்காது!"

"காய்க்கச் சொல்லி நான் கேட்டனா?"

அப்பா வீடும் பெரியப்பா வீடும் ஒரே பழைய வீடுதான். நடுவில் சுவர் எழுப்பியது, வாசல் பொது. கிளையை அந்த வாசலில் குறுக்காகப் போட வைத்தார் அத்தை. பாதி எங்கள் கதவுக்கு எதிரே, பாதி பெரியப்பா கதவுக்கு எதிரே. பெரியப்பா புது வண்டி நிறுத்தும் இடம் போயிற்று. கறிக்கடைக்காரர் தன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, டிராக்டரைத் திருப்பி, பெரியப்பா கூப்பிடுவதைக் காதில் வாங்காமல் போய்விட்டார். அத்தை அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பினார். மறுபேச்சில்லை, கண்ணீரில்லை. அப்பாடா என்று அப்பாவும் பெரியப்பாவும் வாசலில் உட்கார்ந்தார்கள், அவரவர் பாதிக் கிளைமேல்.

வைகாசியில் ஒரு நாள் காலை. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். வழக்கமாகப் புளிக்கு வரும்போது கொண்டுவரும் பையைவிடப் பெரிய பையோடு அத்தை வந்துகொண்டிருந்தார். அப்பா பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? புளி மாசம் இல்லையே?"

"எஞ்சொத்த பாக்க வந்தன்." அத்தை பையை இறக்கி, அதிலிருந்து வேப்பெண்ணெய்ப் பாட்டிலையும் பழைய துணியையும் எடுத்தார். "மரத்துல இருந்தப்ப வருசத்துக்கு ஒருக்கா காய்ச்சிது, நானும் ஒருக்கா வந்தன். இப்ப வூட்டுல கெடக்குது. கரையான் புடிக்கறதுக்கு மாசமா, நாளா? அடிக்கடி வந்து பாத்துக்கணும் இல்ல?" கிளையின் ஒரு முனையில் நான்கு முறை எண்ணெய் தடவினார். வேலை அவ்வளவுதான். பிறகு உள்ளே போனார். அடுப்படியில் டப்பா மூடிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்தாள்.

ஆனியில் வந்தார். ஆடியில் இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை எண்ணெய்ப் பாட்டிலையே கொண்டுவர மறந்துவிட்டார். யாரும் அதைப் பற்றிக் கேட்கத் துணியவில்லை. அந்தத் தடவை மதியம், எண்ணெய்க் குளியல் போட வைக்கப்பட்டு, சீயக்காய் வாசனையோடு, கண்ணெல்லாம் சிவந்து வாசலுக்கு வந்தார் பெரியப்பா. நான் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே, கிளையின் ஓரத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா பாப்பா, அன்னிக்கு நீ ஒண்ணு சொன்னயே, சட்டம். அந்த நிலத்துப் பங்க அக்காவுக்குக் குடுத்துட்டா, இந்தக் கட்டைய எடுத்துடலாமா?"

நான் புத்தகத்தை மூடிவிட்டு, வக்கீலாக யோசித்தேன். "எடுத்துடலாம் பெரியப்பா. ஆனா நிலம்னு இருந்தா வெள்ளாமை இருக்கும். அத்தை அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா வராது. இங்கயே வந்து குடியிருக்கும்."

எழுந்திருக்கப் போன பெரியப்பா மறுபடியும் கிளைமேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே தாளிக்கிற சத்தம் நின்றது.

"எவன்டா அது," என்றது அடுப்படியிலிருந்து வந்த குரல், "ஈரத் தலையோட எங்கிளை மேல குந்தியிருக்கறவன்?"